வில்பட்டையின் முதுகு

ஊசிக்கணவாய்க்குக் கீழே ஓர் உலைக்கூடம் இருந்தது. அதில் இரண்டு பேர் இருந்தார்கள். ஆசானுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்து மூன்று.

ஆசான் பெயர் ஆவுடையாள். அவளுடைய அப்பா காலமானதும் இனி அந்த உலை எரியாது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவள் கரி போட்டுப் பற்றவைத்தாள். பேச்சு நின்றுவிட்டது.

அந்த உலைக்கூடத்தில் ஒரு வழக்கம். கற்றுக்கொள்கிறவர் துருத்திக் கயிற்றைப் பிடிக்க வேண்டும். கற்றுத்தருகிறவர் பழுக்கக் காய்ந்த இரும்பை இடுக்கும் குறட்டைப் பிடிப்பார். யார் பெரியவர், யார் ஆண், யார் பெண் என்பதெல்லாம் வாசலோடு சரி. உள்ளே வந்துவிட்டால் கயிறு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் சீடர்.

வெயிலுமுத்து ஓர் ஆடி மாதச் சாரலில் நனைந்துகொண்டு வந்து நின்றார். கணவாய்க் கோட்டையில் முப்பது வருஷம் காவல் இருந்தவர் அவர். இடது கையில் இரண்டு விரலைக் காணோம். காயத்துக் கட்டுத்துணியை இன்னும் அவிழ்க்கவில்லை.

ஈட்டிக்குக் கூர் பிடிக்க வந்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

"என்ன வேணும் அண்ணாச்சி?"

"கத்துக்கிடணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவள் சிரிக்கவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டாள். அவர் சொன்னார். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று, ஏனென்றால் நடுநடுவே நிறுத்திவிட்டார்.

காவலாளிகள் இடுப்பில் ஐந்து சாமான் தொங்கும். கத்தி, தோல் வாரைத் தைக்கிற குத்தூசி, துப்பாக்கியின் மரையாணியை முறுக்குகிற திருப்புளி, முள்வாங்கி, அப்புறம் சுண்ணாம்புக் கரண்டி. எல்லாவற்றையும் ஒரு வளையத்தில் கோத்திருப்பார்கள். நடந்தால் கிலுகிலுவென்று சத்தம் போடும். கணவாயில் சத்தம் கூடாது. அதனால் மேலே போகும்போது எல்லாவற்றையும் துணியில் சுற்றி இறுக்கிக் கட்டிவிடுவார்கள். யார் கட்டு அவிழாமல் இருக்கிறதோ அவர் நல்ல காவலாளி. கோட்டையிலேயே நல்ல கட்டு வெயிலுமுத்துவின் கட்டு.

போன மாதம் அவரும் இன்னொரு காவலாளி நல்லமாடனும் மழையில் மேலே இருந்தார்கள். பாறைக்குப் பின்னால் இருந்து கரடி வந்தது. நல்லமாடன் துப்பாக்கியைத் தூக்கினான். விசையை இழுத்தான். பொறி வரவில்லை. பொறி தட்டுகிற கல் ஈரத்தில் நெகிழ்ந்து, அதைக் கவ்வும் இரும்புப் பல்லுக்குள் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு மரையாணியை ஒரு சுற்று முறுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. திருப்புளி வெயிலுமுத்துவின் கட்டுக்குள் இருந்தது. கட்டு மழையில் ஊறி உப்பியிருந்தது.

"பல்லால கூட கடிச்சுப் பார்த்தேன்" என்றார். "நான் போட்ட முடிச்சு. நல்ல முடிச்சு."

நல்லமாடன் மலையிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. தன் விரல்கள் போன கதையை அவர் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

"அஞ்சும் ஒண்ணா இருக்கணும், ஆசாரியம்மா. கட்டு இருக்கக் கூடாது. சத்தம் இருக்கக் கூடாது. மடியில செருகுனா தெரியக் கூடாது."

ஆவுடையாள் எழுந்தாள். துருத்திக் கயிற்றை எடுத்து அவருடைய வலது கையில் கொடுத்தாள்.

முதல் ஆறு மாதம் அவர் ஒற்றை மடக்குக் கத்திதான் செய்தார். ஐந்தையும் பற்றிப் பேச்சே எடுக்கவிடவில்லை அவள். ஒன்றை ஒழுங்காகச் செய்யத் தெரியாதவர் ஐந்தைக் கெடுப்பார் என்று சொல்லிவிட்டாள். அவர் மூன்று விரலால் இடுக்கப் பழகினார். சம்மட்டியும் பழகியது. கரி நெஞ்சில் இறங்கி இருமல் வந்தது, பிறகு அதுவும் பழகியது.

மடக்குக் கத்தியின் உயிர் அதன் முதுகில் இருக்கிறது. பிடியின் இரண்டு கொம்புப் பட்டைக்கும் நடுவே எஃகுப் பட்டை ஒன்று ஒளிந்திருக்கும். வில் மாதிரி கொஞ்சம் வளைந்து கொடுத்து, கத்தி அலகை விரித்தால் விரிந்தபடியும் மடக்கினால் மடங்கியபடியும் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வில்பட்டை என்பார்கள். அது தளர்ந்தால் கத்தி பிடித்தவன் விரலையே வெட்டும்.

"ஒரு அலகுக்கு ஒரு வில்பட்டை" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். "இதை மாத்தக் கூடாது."

ஒருநாள் அவர் கேட்டார்.

"ஏன் ஒண்ணுக்கு ஒண்ணு?"

"எங்கப்பா அப்படித்தான் செஞ்சாரு."

"அவரு ஏன் அப்படிச் செஞ்சாரு?"

"அவங்கப்பா அப்படிச் செஞ்சாரு."

வெயிலுமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. ஆசான் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

தை பிறந்ததும் அவள் ஐந்துக்கும் சரி என்றாள். அவர் கத்தி, குத்தூசி, திருப்புளி, சுண்ணாம்புக் கரண்டி நான்கையும் அடித்து, நான்குக்கும் நான்கு வில்பட்டை வைத்து, அடுக்கி, ஆணி அடித்து முடித்தார். முள்வாங்கியை என்ன செய்வது என்று தெரியவில்லை. அதை நூலில் கட்டித் தொங்கவிட்டார். ஒரு மாதம் ஆயிற்று. துணியில் சுற்றிக்கொண்டு கோட்டைக்கு ஏறினார்.

கோட்டைத் தலைவர் தீத்தாரப்பச் சேர்வை. கறாரான ஆள். வெற்றிலையை மென்றுகொண்டே எல்லாவற்றையும் முடிவு செய்வார். அவர் அதைக் கையில் வாங்கினார். கை கொஞ்சம் கீழே இறங்கியது.

"என்னவே வெயிலுமுத்து, கோட்டைச் சுவத்துல ஒரு கல்லு குறைஞ்சுதுன்னு யாரும் சொன்னாங்களா?"

சுற்றி நின்ற காவலாளிகள் சிரித்தார்கள். சேர்வை அதை ஒரு காவலாளியின் மடியில் செருகி நடக்கச் சொன்னார். அவன் நாலு எட்டு வைத்தான். வேட்டி நழுவியது. அப்புறம் சிரிப்பு நிற்கவே இல்லை.

சேர்வை மட்டும் சிரிக்கவில்லை. நல்லமாடனை அன்றைக்கு மேலே அனுப்பியது அவர்தான். வெயிலுமுத்துவைத் தனியே கூப்பிட்டு, வர்ற ஆடி முதல் தேதி ஆறு பேர் மேலே போவார்கள், ஆறு மாதம் அங்கேயே இருப்பார்கள் என்றார். ஆனி இருபதுக்குள் உருப்படியாக ஒன்று காட்டினால் அதோடு அனுப்புவேன், இல்லையென்றால் கட்டோடுதான் அனுப்ப வேண்டும், எனக்கு வேறு வழி இல்லை என்றார்.

வெயிலுமுத்து கீழே இறங்கி வந்து, செங்கல் மாதிரி கனத்த அந்தக் கத்தியை இரும்பு அடிக்கும் பட்டடைமேல் வைத்தார். ஆவுடையாள் அதை விரித்தாள், மடக்கினாள், ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள்.

"வேலை சுத்தமா இருக்கு அண்ணாச்சி."

"கனம்."

"ஆமா."

"ஒண்ணை எடுத்துட்டா கனம் குறையும். எதை எடுக்கட்டும், ஆசாரியம்மா?"

அவள் அரத்தை எடுத்துத் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலை நிமிராமல் சொன்னாள்.

"எதை எடுக்கணும்னு நல்லமாடன்கிட்ட கேளுங்க."



எதையும் எடுக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. அப்படியானால் எல்லாவற்றையும் மெலிதாக்க வேண்டும். அவர் வில்பட்டைகளை அராவினார். பாதியாக்கினார். அதிலும் பாதியாக்கினார். மடியில் செருகினால் வேட்டி நின்றது. சந்தோஷமாகக் கத்தியை விரித்து ஒரு கயிற்றில் வைத்து அழுத்தினார். மெலிந்த வில்பட்டை பிடிமானம் விட்டது. அலகு மடங்கி, மிச்சமிருந்த மூன்று விரலில் ஒன்றைக் கீறியது.

ஆவுடையாள் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் காயத்தில் அப்பினாள். இந்த விரலும் போனால் குறட்டைப் பல்லில்தான் பிடிக்க வேண்டும் என்றாள். அவரால் சிரிக்க முடியவில்லை.

மாசி போயிற்று. பங்குனி, சித்திரை, வைகாசி போயிற்று. கனமாகச் செய்தால் வேட்டி நழுவியது. மெலிதாகச் செய்தால் விரலைக் கீறியது. நடுவில் ஓர் அளவு இருக்கும் என்று தேடித்தேடிப் பதினேழு செய்தார். எல்லாம் ஒரு கூடையில் கிடந்தன. முள்வாங்கிக்கு மட்டும் வழி கிடைத்திருந்தது. கொம்புப் பிடியில் நீளமாக ஒரு துளை போட்டு, அதற்குள் செருகிவிட்டார். நகத்தால் இழுத்தால் வெளியே வரும். அதைப் பார்த்து ஆவுடையாள் வெகுநேரம் இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள். பதினேழில் அவள் நல்லது என்று சொன்னது அந்தத் துளை ஒன்றைத்தான்.

ஆனி பதின்மூன்று. சாரல் ஆரம்பித்துவிட்டது.

அவர் பதினேழாவதைப் பட்டடைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மெலிசாவும் இருக்கணும், பலமாவும் இருக்கணும். ரெண்டும் எப்படி ஆசாரியம்மா ஒண்ணா இருக்கும்?"

ஆவுடையாள் வாசலைப் பார்த்தாள். மழைக்கு ஒதுங்கி யாரோ நின்றுகொண்டிருந்தார்கள்.

"வெளிய ஒரு அம்மா நிக்குறா. போயி சுமையை இறக்கி வையுங்க."

அவருக்குக் கோபம் வந்தது. ஏழு நாள்தான் இருக்கிறது, இப்போது போய்ச் சுமை இறக்கச் சொல்கிறாளே என்று நினைத்தார். ஆனால் கயிறு பிடித்தவர் ஆசான் சொன்னதைச் செய்ய வேண்டும். எழுந்து போனார்.

கணவாய் தாண்டி மிளகு சுமந்து வருகிற பெண். சின்ன வயசு. முதுகில் மிளகு மூட்டை, அதன் வார் அவள் நெற்றியில். நெஞ்சில் சேலையால் தூளி கட்டி ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. வெயிலுமுத்து மூட்டையைப் பிடித்து வெடுக்கென்று தூக்கப் போனார்.

"ஐயா, பைய" என்றாள் அவள். "சட்டுனு எடுத்தியன்னா நான் மொகம் குப்புற விழுந்துருவேன்."

"ஏன்?"

"பின்னால அது இழுக்கு, முன்னால இது இழுக்கு. ரெண்டும் இழுக்கதாலதான் நான் நேரா நிக்கேன்."

அவர் மூட்டையை மெல்ல மெல்லத் தாங்கி இறக்கினார். அவள் ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்ந்து நிமிர்ந்தாள். மூட்டை தரைக்கு வந்தது. அவள் மூச்சு விட்டாள். பிள்ளை விழிக்கவே இல்லை.

வெயிலுமுத்து அங்கேயே நின்றார்.

தண்ணி கிடைக்குமா என்று அவள் கேட்டது அவர் காதில் விழவில்லை. அவள் இரண்டாம் தடவை கேட்டாள். அவர் செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை அவளுடைய முதுகைப் பார்த்தார், மார்பைப் பார்த்தார், மறுபடி முதுகைப் பார்த்தார். அந்தப் பெண், இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு என்பதுபோல் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

அவர் உள்ளே வந்து கூடையைக் கவிழ்த்தார். பதினேழையும் ஆணி தட்டிப் பிரித்தார். ஒரு வில்பட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதன் உள்பக்கம் கத்தியைப் பிடிக்கிற பக்கம். தேய்ந்து பளபளவென்று இருந்தது. வெளிப்பக்கத்தில் கரி அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் யாருக்கும் ஒரு வேலையும் செய்ததில்லை.

அவர் ஆவுடையாளிடம் எதுவும் கேட்கவில்லை. உலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

இரண்டே இரண்டு வில்பட்டை. ஒவ்வொன்றின் உள்பக்கம் ஒரு சாமான், வெளிப்பக்கம் ஒரு சாமான். கத்தியும் திருப்புளியும் உள்ளே. குத்தூசியும் சுண்ணாம்புக் கரண்டியும் முதுகில்.

முதலாவது, விரித்த உடனே பட்டென்று முறிந்தது. வில்பட்டையின் ஒரு நுனியில் ஆணி அடிப்பதுதான் பழைய வழக்கம். அப்படித்தான் அவரும் அடித்திருந்தார். முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்தார். அந்தப் பெண் எப்போதோ போயிருந்தாள். ஆனால் அவள் நின்ற நிலை அவருக்கு ஞாபகம் இருந்தது. அடுத்ததில் ஆணியை நடுவில் அடித்தார். ஒரு நுனி உள்பக்கம் கத்தியை அழுத்தியது. மறு நுனி வெளிப்பக்கம் குத்தூசியை அழுத்தியது. நடு இடம் அசையவில்லை.

அதுவும் முறிந்தது. ஆனால் பத்துத் தடவை விரித்து மடக்கிய பிறகு முறிந்தது.

அப்போதுதான் ஆவுடையாள் வாயைத் திறந்தாள். எஃகை இலுப்பெண்ணெயில் தோய்த்தெடுத்த பிறகு, வைக்கோல் நிறம் வரும்வரைதான் வாட்டுகிறீர்கள், கத்திக்கு அது சரி, இரண்டு பக்கமும் வளைய வேண்டியதற்கு அது போதாது, மயில்கழுத்து நிறம் வரும்வரை பொறுங்கள் என்றாள். அவர் பொறுத்தார். வைக்கோல் நிறம் செம்பாகி, செம்பு ஊதாவாகி, மயில்கழுத்து வந்தது. எடுத்துவிட்டார்.

அது முறியவில்லை. நூறு தடவை விரித்தார். நூறு தடவை மடக்கினார். மடியில் செருகிக்கொண்டு உலைக்கூடத்தைச் சுற்றி ஓடினார். ஐம்பத்து நாலு வயசு ஆகப் போகிற மனுஷன் பட்டடையைச் சுற்றி ஓடுவதை ஆவுடையாள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். சத்தம் இல்லை. வேட்டி இடுப்பிலேயே இருந்தது.

ஆனி இருபது. கோட்டை முற்றத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஆவுடையாளும் ஏறி வந்திருந்தாள்.

சேர்வை கத்தியை வாங்கிப் பார்த்தார். கை இறங்கவில்லை. ஆனால் அவர் எதையும் லேசில் ஒப்புக்கொள்கிறவர் இல்லை. செய்தவர் கை பழகியிருக்கும், வேறு ஆள்தான் இதைப் பிடிக்க வேண்டும் என்றார். சுற்றிப் பார்த்து, கோட்டைச் சமையல்காரன் சங்குமணியைக் கூப்பிட்டார். கையில் எடுத்த பாத்திரத்தை எல்லாம் கீழே போடுவதில் பேர்போனவன் அவன். கூட்டம் ஓவென்று சிரித்தது. வெயிலுமுத்துவின் முகம் தொங்கிவிட்டது.

எதிரே உச்சிமாகாளி. காவலாளிகளிலேயே வேகமான கை. அவனிடம் பழைய கட்டு.

சேர்வை கட்டையும் கத்தியையும் குதிரைத் தொட்டித் தண்ணீருக்குள் போட்டார். வெற்றிலையை நிதானமாக மென்றார். அன்றைக்கும் மழைதானே என்றார். பிறகு இரண்டையும் எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்து, இரண்டு பேர் கண்ணையும் துணியால் கட்டச் சொன்னார். மேலே மூடுபனியில் கண் எதற்கு ஆகும்?

நான்கு வேலை. ஒரு கயிற்றை அறுக்க வேண்டும். வாழைத்தண்டில் குத்திவைத்த கருவேல முள்ளைப் பிடுங்க வேண்டும். அறுந்த தோல் வாரில் துளையிட்டு முடிச்சுப் போட வேண்டும். கடைசியில் துப்பாக்கியின் ஆடுகிற கல்லை முறுக்கிப் பொறி வரவைக்க வேண்டும். முந்துகிறவர் ஜெயித்தவர்.

சங்குமணி கத்தியைத் தடவிப் பார்த்தான். உள்பக்கம் எது, முதுகு எது என்று விரலுக்குத் தெரிந்தது. முழு நீளமாக அகப்பட்டதை நகத்தால் இழுத்தான். கத்தி வந்தது. கயிறு அறுந்தது. உச்சிமாகாளி இன்னும் முடிச்சோடு இருந்தான்.

முள்வாங்கியை இழுத்தான். முள் வந்தது. உச்சிமாகாளி முடிச்சைக் கடித்துக்கொண்டிருந்தான். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அந்தக் காட்சியை அங்கே எல்லோரும் ஏற்கெனவே கதையாகக் கேட்டிருந்தார்கள். வெயிலுமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

முடிச்சு அவிழ்ந்தது. அதற்குப் பிறகு உச்சிமாகாளியின் கை பறந்தது. கயிறு, முள், வார் என்று மூன்றையும் முடித்துவிட்டான். சங்குமணியும் அப்போதுதான் வாரில் முடிச்சுப் போட்டிருந்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் துப்பாக்கியைத் தடவினார்கள்.

சங்குமணி முதுகுப் பக்கம் எதையோ விரித்து மரையாணியில் வைத்துத் திருகினான். அது வழுக்கியது. மறுபடி திருகினான். வழுக்கியது.

"அது என்னதுலே?" என்றார் சேர்வை.

கண் கட்டியிருந்த சங்குமணி அதை நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"சுண்ணாம்புக் கரண்டி போல இருக்கு, ஐயா."

கூட்டம் மூச்சை அடக்கியது. உச்சிமாகாளி வளையத்தில் திருப்புளியைத் தேடிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றும் கைக்கு ஒரே மாதிரி ஈரமாக இருந்தது. குத்தூசி கையில் வந்தது. விட்டான். முள்வாங்கி வந்தது. விட்டான்.

சங்குமணி கரண்டியை மடக்கினான். கத்தியைத் திருப்பிப் பிடித்து உள்பக்கம் தடவினான். திருப்புளியை விரித்தான். ஒரு சுற்று. துப்பாக்கியைத் தூக்கி வானத்தைப் பார்த்து விசையை இழுத்தான்.

பொறி பறந்தது.

யார் முதலில் கத்தினார்கள் என்று தெரியாது. முற்றம் முழுக்க ஒரே சத்தம். சங்குமணியைத் தோளில் தூக்கினார்கள். தூக்கியவர்களில் உச்சிமாகாளியும் ஒருவன். சங்குமணியின் கண்கட்டை அவிழ்க்க எல்லோரும் மறந்துவிட்டதால், எதற்குத் தன்னைத் தூக்குகிறார்கள் என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

சேர்வை கத்தியை வாங்கினார். கரண்டியை மட்டும் விரித்தார்.

"இதை எதுக்குவே வச்சீரு? காவலுக்கு இது வேணுமா?"

"காவலுக்கு வேண்டாம்" என்றார் வெயிலுமுத்து. "உங்களுக்கு வேணும்."

சேர்வை தன் சுண்ணாம்புக் கரண்டகத்தைத் திறந்தார். கரண்டியை உள்ளே விட்டு எடுத்தார். வெற்றிலையில் தடவினார். மடித்து வாயில் போட்டு மென்றார். எல்லோரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆறு வேணும்" என்றார். "ஆடி ஒண்ணுக்குள்ள."

பிறகு மேலே போகப் போகிற ஆறு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர்கள் தங்கள் கட்டுகளை அவிழ்க்கவில்லை. அப்படியே கொண்டுவந்து வெயிலுமுத்துவின் காலடியில் போட்டார்கள். இரும்பாவது உதவட்டும் என்றார் சேர்வை. எல்லாம் போட்டு முடிந்த பிறகு அவரே உள்ளே போய் இன்னொரு கட்டைக் கொண்டுவந்தார். துணி கிழிந்திருந்தது. அதில் பல் பட்ட தடம் இருந்தது. அதையும் மேலே வைத்தார்.

வெயிலுமுத்து அதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார்.

இருவரும் மலை இறங்கினார்கள். சாரல் விட்டு வெயில் அடித்தது. பாறைகளில் தண்ணீர் மின்னியது. வழியெல்லாம் அவர் அந்தப் பழைய கட்டைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தார். உலைக்கூடத்து வாசலுக்கு வந்ததும், மிளகுக்காரப் பெண் நின்ற இடத்தில் நின்றுவிட்டார்.

"ஆசாரியம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அன்னைக்கு அந்தப் பொண்ணைக் காட்டி வில்பட்டையோட முதுகைச் சொன்னீங்க. அது உங்களுக்கு முதல்லயே தெரியும். பிறகு ஏன் ஒண்ணுக்கு ஒண்ணுன்னு என்னை ஒரு வருஷம் அடிக்க வச்சீங்க?"

ஆவுடையாள் அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நான் ஒண்ணையும் காட்டலையே அண்ணாச்சி."

"பிறகு என்னை ஏன் வெளிய அனுப்புனீங்க?"

"அந்தப் புள்ளைக்குச் சுமை இறக்க ஆள் வேணும்லா."



அவள் உள்ளே போனாள். அணைந்திருந்த உலையில் கரியைத் தள்ளினாள். ஏழு கட்டையும் பட்டடைக்குப் பக்கத்தில் வைத்தாள். குறட்டை எடுத்து, பிடியைத் துடைத்து, அவர் கையில் கொடுத்தாள். பிறகு சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், அவர் ஒரு வருஷமாக உட்கார்ந்திருந்த பலகையில் உட்கார்ந்தாள். துருத்திக் கயிற்றைக் கையில் பிடித்தாள்.

"கொஞ்சம் மெதுவா அடிங்க அண்ணாச்சி" என்றாள். "நான் பாத்துக் கத்துக்கிடணும்."